ஆறு செவ்வகங்கள்

ரோவல் ரோட்டில், கீழே கடையும் மேலே தொழிலாளர் விடுதியுமாக இருந்த அந்தக் கடைவீட்டின் இரண்டாம் மாடி அறைக்கு நான் மூன்று முறை சென்றேன். முதல் முறை சென்றபோது அங்கே கட்டில்கள் இல்லை. நடந்த தவறுக்கு அதுவே காரணம் என்று எங்கள் நிறுவனத்தில் சிலர் எனக்காகச் சொன்னார்கள். அவர்களுடைய அன்புக்கு நன்றி. ஆனால் அது உண்மையன்று.

அறைகளில் பொருத்தப்படும் புற ஊதா விளக்குகளை அளப்பது என் வேலை. விளக்கு எட்டடி உயரத்தில் சுவரில் இருக்கும். அதனுள் வரிசையாக உள்ள சின்னஞ்சிறு எல்.ஈ.டி.க்கள் மேற்புறமாக மட்டும் ஒளியை வீசும். கூரையை ஒட்டி மிதக்கும் காற்றிலுள்ள கிருமிகள் அந்த ஒளியில் அழியும். கீழே மனிதர்கள் உண்ணலாம், உறங்கலாம், சீட்டாடலாம். பலர் நெருங்கி வாழும் அறைகளுக்கு நல்ல ஏற்பாடுதான். ஒளி கீழே வராதவரை.

கீழே வந்தாலும் யாருக்கும் தெரியாது. விளக்கின் வாயில் மங்கலாக ஒரு நீலம் தெரியும், அவ்வளவே. தோலில் படும்போது சுடாது. கண்ணில் படும்போது கூசாது. ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ கழிந்த பிறகுதான் வலி வரும். ஆகையால் யாராவது ஒருவர் மீட்டரைக் கொண்டுசென்று, மனிதர்களின் கண்கள் இருக்கக்கூடிய இடங்களிலெல்லாம் அளந்து, இந்த அறை பாதுகாப்பானது என்று கையெழுத்திட வேண்டும். ரோவல் ரோட்டு அறைக்குக் கையெழுத்திட்டவள் நான்.

அது மார்ச் மாதம். என் கணவர் முத்துராமன் இறந்து ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். இறந்த நாள் காலையில் உட்லண்ட்ஸ் வீட்டிலிருந்து கிளம்பும்போது குடையை மறந்துவிட்டார் என்று நான் மின்தூக்கி வரை ஓடிக் கொடுத்தேன். பதினோரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். குடையையும் பிறகு ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

நான் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடும்மா, உள்ளயே வெச்சுக்காத" என்றார்கள். "சரிங்க" என்றேன். அவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன். அழ வேண்டும் என்று ஒருநாள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வேலைக்குத் திரும்பினேன். எண்களைப் படித்து எழுதுவதற்கு உணர்ச்சி தேவைப்படவில்லை.

அன்று அறையில் புது வெள்ளை வண்ணத்தின் வாடை இருந்தது. வண்ணம் பூசுவதற்காகக் கட்டில்களைக் கழற்றி, வெளி நடையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சாகுல் ஹமீது ஐயா வரைபடத்தை நீட்டினார். அறுபது வயதுக்காரர்; அந்தத் தேக்கா வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்; எந்நேரமும் கழுத்தில் ஒரு துண்டு.

வரைபடத்தில் ஆறு செவ்வகங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 'கட்டில்' என்று எழுதியிருந்தது. பக்கத்தின் அடியில், 'தங்குவோர்: 12'.

ஆறு கட்டில்கள், பன்னிரண்டு பேர். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். கேட்க வேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் ஆண்கள் தங்கும் அறையில் நின்றுகொண்டு, அவர்கள் எப்படிப் படுப்பார்கள் என்று ஒரு பெண் எவ்வாறு கேட்பது? மரியாதையாக இருக்காது என்று எண்ணினேன். தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு சிறிய இரும்பு ஏணி நீட்டிக்கொண்டிருந்தது. அது வண்ணம் பூசுகிறவர்களுடையது என்று நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா என்பது எனக்கே தெளிவாக இல்லை.

நிற்பவரின் கண்ணுயரத்தில் அளந்தேன். நாற்காலியில் அமர்பவரின் உயரத்தில் அளந்தேன். தரையை ஒட்டிய கட்டிலில் படுப்பவரின் உயரத்திலும் அளந்தேன். ஒருவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருக்கும் இடத்தில், எங்கள் கணக்குப்படி, சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோவாட்டுக்கு மேல் போகக்கூடாது. எங்கும் 0.06ஐத் தாண்டவில்லை.

"வேற ஏதாச்சும் கேக்கணுமாம்மா?" என்றார் சாகுல் ஹமீது ஐயா.

"இல்லைங்க ஐயா. மிக்க நன்றி" என்றேன்.

*

இரண்டாம் முறை சென்றது ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறு அளவீடு என்பது ஒப்பந்தம்.

சாகுல் ஹமீது ஐயா கதவைத் திறந்தபடியே, "உள்ள ஒருத்தன் எம்சி, மெடிக்கல் லீவுல படுத்திருக்கான்மா. தொந்தரவு பண்ண மாட்டான், பாவம், கண்ணே தொறக்க முடியல" என்றார்.

அறைக்குள் கட்டில்கள் இருந்தன. ஆறும் இரட்டை அடுக்குக் கட்டில்கள். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு செவ்வகம்தான்.

நான் வாசலிலேயே நின்றேன். நெஞ்சு படபடத்தது என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். விளக்கு எங்கே இருக்கிறது, மேல் கட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். மேல் கட்டிலின் மெத்தை ஐந்தடி உயரத்தில் இருந்தது. அதில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் கண் ஏழு அடிக்கு மேல் போய்விடும்.

மேல் கட்டில்களில் ஐந்தைச் சுற்றிக் கைலிகளைக் கயிற்றில் கோத்துத் திரையாகக் கட்டியிருந்தார்கள். கட்டம் போட்டவை, பூப்போட்டவை, ஒன்றில் ஏதோ ஒரு கால்பந்துக் குழுவின் கொடி. ஆறாவதில் மட்டும் திரை இல்லை. அது விளக்குக்கு நேர் எதிரே, அறையின் மறு கோடியில் இருந்தது. அங்கேதான் அவர் படுத்திருந்தார். கண்களின்மேல் ஈரக் கைக்குட்டை. தலைமாட்டில் தடித்த ஒரு புத்தகம்.

"இவன்தான் சேதுபதி. ஜூரோங் ஷிப்யார்டுல வெல்டர்" என்றார் ஐயா. "டேய் சேது, மீட்டர் அம்மா வந்திருக்காங்க."

"வணக்கம் மேடம்" என்றார் அவர், எழாமலே. "மன்னிச்சுக்கங்க, லைட்டப் பாத்தா தண்ணியா கொட்டுது."

"எழ வேண்டாம். கண்ணுக்கு என்னங்க?"

"ஆர்க் அடிச்சிருச்சு மேடம். வெல்டிங் வெளிச்சம். கண்ணுக்குள்ள மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு."

"மாஸ்க்க தூக்கிட்டுப் பாத்திருப்பான்" என்றார் ஐயா. "பதினோரு வருசம் வெல்டிங் அடிக்கிறான், இன்னும் புதுசா கல்யாணம் ஆனவன் மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்குறான் லா. உருளைக்கிழங்கு வெட்டி வெச்சுப் பாத்தாச்சு, டீத்தூள் வெச்சுப் பாத்தாச்சு. இன்னும் வெங்காயம்தான் பாக்கி."

"பாய், சும்மா இருங்க பாய். சிரிச்சாலும் எரியுது."

நான் கேட்டேன். கேட்டுவிட்டேன் என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

"வலி எப்போது தொடங்கியதுங்க?"

"நேத்து ராத்திரி மேடம். பதினோரு மணி இருக்கும்."

"நேற்று ஞாயிற்றுக்கிழமை."

"ஆமா மேடம்."

"நேற்று வெல்டிங் செய்தீர்களா?"

அவர் கண்மேலிருந்த கைக்குட்டையைத் திருப்பி வைத்தார். "இல்ல மேடம். சனிக்கெழம அடிச்சது. அது லேட்டா வேல காட்டுது போல."

வெல்டிங் ஒளியால் வரும் வலி ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருக்காது. அது எனக்குத் தெரியும். பதினோரு ஆண்டு வேலை செய்த அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வெல்டருக்குக் கண் எரிந்தால் வேறு காரணம் தேட யாருக்கும் தோன்றுவதில்லை, அவருக்கே தோன்றவில்லை. மருத்துவரிடமும் "வெல்டிங்" என்றுதான் சொல்லியிருக்கிறார். மருத்துவரும் அதையே எழுதியிருக்கிறார்.

"நேற்று முழுவதும் எங்கே இருந்தீர்கள்?"

"இங்கதான் மேடம், இந்தக் கட்டில்லயேதான். படிச்சுக்கிட்டு இருந்தேன்."

"ஞாயித்துக்கெழம ஊரே தேக்காவுல நிக்குது, இவன் மட்டும் மேல ஏறி உக்காந்து புத்தகம்" என்றார் ஐயா. "சூப்பர்வைசர் கோர்ஸு. திரையக்கூட அவுத்துட்டான், டியூப்லைட் வெளிச்சம் வேணும்னு."

நான் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடியும் முகக்கவசமும் கையுறையும் அணிந்தேன். சேதுபதியைக் கீழ்க்கட்டிலுக்கு வரச் சொல்லி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளுமாறு வேண்டிக்கொண்டேன். இவ்வகை எல்.ஈ.டி.யின் அலைநீளத்துக்கென்றே சரிபார்க்கப்பட்ட சென்சாரை நீண்ட கம்பின் முனையில் பொருத்தி, அவர் சுவரில் சாய்ந்து படிக்கும் இடத்தில், அவர் கண் இருக்கும் உயரத்தில் நிறுத்தினேன்.

2.4.

மூன்று முறை எடுத்தேன். 2.4, 2.4, 2.3. ஒரு நாள் முழுவதற்கும் உரிய அளவை அங்கே இருபது நிமிடத்தில் ஒருவர் வாங்கிவிடுவார். சேதுபதி ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்து அரை மணி நேரம். மற்ற ஐவரைக் கைலித் திரைகள் காத்திருந்தன.

சுவரிலிருந்த விசையை அணைத்தேன். அதன்மேல் சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டினேன். எண்களை எழுதிக்கொண்டேன்.  

"என்னம்மா, லைட் கெட்டுப்போச்சா?" என்றார் ஐயா.

"விளக்கு நன்றாக இருக்கிறதுங்க. நான் அளந்த இடம்தான் தவறு. மேல் கட்டிலை நான் அளக்கவே இல்லை." பிறகு, சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த சேதுபதியின் முதுகைப் பார்த்துச் சொன்னேன்: "உங்கள் கண்ணுக்கு இந்த விளக்குதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு நாளில் பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் கண் மருத்துவரிடம் இன்றே மறுபடியும் காட்டிவிடுங்கள். அவரிடம் புற ஊதா விளக்கு என்று சொல்லுங்கள். நான் எழுதித் தருகிறேன்."

சேதுபதி திரும்பவில்லை. "அப்ப நான் மாஸ்க்க தூக்கல?" என்று கேட்டார்.

"நீங்கள் தூக்கினீர்களா?"

"தூக்குன மாதிரி ஞாபகம் இல்ல மேடம். ஆனா ரெண்டு தடவ தூக்கினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். ஒத்துக்கிட்டா சின்ன வார்னிங்கோட விட்டுருவோம்னாங்க. எழுதி எழுதி எனக்கே தூக்கிட்டோம்னு ஆயிருச்சு."

"இது மூணாவது" என்றார் ஐயா. கேலி போய்விட்டிருந்தது அவர் குரலில். "வியாழக்கெழம விசாரணை. மூணு வார்னிங் வந்தா சூப்பர்வைசர் கோர்ஸு கெடையாது. வேல பெர்மிட்டே ரினியூ பண்ண மாட்டாங்க. ஊருக்குப் போக வேண்டியதுதான்."

ஐயா என்னைக் கோபத்துடன் பார்ப்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கழுத்துத் துண்டால் ஒரு நாற்காலியைத் துடைத்து, "உக்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?" என்றார்.

*

ஊபியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் பிரபாகர் சார்தான் தலைவர். நல்லவர். துக்கத்தின்போது மூன்று வேளையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பியவர். நான் சொல்வதை முழுவதும் கேட்டார். எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மத்த எல்லா விடுதியிலயும் உடனே செக் பண்ணச் சொல்றேன்" என்றார் முதலில். அவருடைய நல்ல மனத்தைக் காட்டுவது என்பதால் அதைக் குறிப்பிடுகிறேன். பிறகு, "ரிப்போர்ட்ல என்ன எழுதப் போறீங்க?" என்றார்.

"நடந்ததை, சார்."

"நீங்க அளக்கும்போது பெட் இல்ல. அது உண்மைதானே? 'அளவீட்டுக்குப் பிறகு படுக்கை அமைப்பு மாறியதால்'னு எழுதுங்க. யாரையும் குத்தம் சொல்ற மாதிரி இருக்காது."

"படுக்கை அமைப்பு மாறவில்லை சார். முன்பு இருந்ததைக் கழற்றி, அதையே மறுபடியும் மாட்டினார்கள். வரைபடத்தில் பன்னிரண்டு பேர் என்று இருந்தது. நான் பார்த்தேன்."

"பாத்தீங்களா?"

"பார்த்தேன் சார். கேட்கவில்லை. கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது."

அவர் எண்கள் இருந்த தாளை ஓரமாக நகர்த்தினார். "நிவேதிதா, அப்ப நீங்க இருந்த நெலம எனக்குத் தெரியும். உங்கள அனுப்புனதே நான் பண்ண தப்பு. அத ஒரு வரி போட்டுடலாம். 'குடும்பத்தில் அண்மையில் ஏற்பட்ட இழப்பு'. யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க."

அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த ஐம்பத்திரண்டு நாட்களில் நான் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை. எண்ணெய் தீர்ந்தால் எண்ணெய் இல்லாமல் சமைத்தேன். ஆனால் முத்துராமன் அந்த அறையில் இல்லை. அவருக்கும் அந்தச் செவ்வகங்களுக்கும் சம்பந்தமில்லை. இறந்தவரைக் கூட்டிவந்து எனக்கு முன்னால் நிறுத்திக்கொள்வதுபோல் பட்டது.

"மன்னிக்க வேண்டும் சார். என் கணவர் இறந்ததை அறிக்கையில் போட வேண்டாம்" என்றேன்.

பிரபாகர் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க எழுதுற மாதிரி எழுதுனா உங்க கையெழுத்து உரிமைய நான் நிறுத்தி வெச்சே ஆகணும். ஆறு மாசம். ஸ்ரீராம் சைன் பண்ணுவான், நீங்க அவன்கூடப் போகணும். அவனுக்கு நீங்கதான் வேல கத்துக்குடுத்தீங்க."

"சரிங்க சார்."

"கோவமே வராதா உங்களுக்கு?"

"தெரியவில்லை சார்" என்றேன். 

*

வியாழக்கிழமை காலை ஜூரோங்குக்குச் சென்றேன். கப்பல் கட்டும் தளத்தின் பாதுகாப்பு அதிகாரி இளமதி என்னும் பெண். நாற்பது வயது இருக்கும். மேசையில் சேதுபதியின் கோப்பு திறந்திருந்தது. சேதுபதி கறுப்புக் கண்ணாடியுடன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க சேதுபதி" என்றார் இளமதி. பிறகு என்னிடம், "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மூணு தடவ எம்சி. மூணும் மண்டே. எனக்கு இந்த மாதிரி மண்டே கேஸ் நெறைய வரும் லா. சண்டே தேக்காவுல ஒரு ரவுண்டு, மண்டே கண்ணு செவப்பு. அப்புறம் வெல்டிங்னு ஒரு கதை."

"நான் குடிக்கிறதே இல்ல மேடம்" என்றார் சேதுபதி.

"எல்லாரும் அதான் சொல்றாங்க."

நான் என் அறிக்கையை அவர் பக்கம் நகர்த்தினேன். "மூன்றும் திங்கட்கிழமை என்பதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தயவுசெய்து பொறுமையாகக் கேட்க வேண்டும். வெல்டிங்கால் வந்திருந்தால், வெல்டிங் செய்த நாளன்று இரவே வலி வந்திருக்கும். இவருக்கு வெல்டிங் செய்யாத நாளன்று இரவுதான் வந்திருக்கிறது. மூன்று முறையும். அந்த நாட்களில் இவர் தம் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு எதிரே எங்கள் விளக்கு."

இளமதி அறிக்கையைப் படித்தார். 2.4 என்ற எண்ணின்மேல் பேனாவின் முனையை வைத்தார்.

"இது எவ்ளோ மோசம்?"

"ஒரு நாளில் இருபது நிமிடத்துக்கு மேல் அங்கே உட்காரக்கூடாது."

"நீங்க எவ்ளோ நேரம் உக்காந்தீங்க?" என்று சேதுபதியைக் கேட்டார்.

"அஞ்சு மணி நேரம் மேடம். நடுவுல சாப்புட எறங்குனேன்."

"என்ன படிச்சீங்க அஞ்சு மணி நேரம்?"

சேதுபதி தலையைக் குனிந்தார். "நீங்க குடுத்த புக்குதான் மேடம். சேஃப்டி."

இளமதி சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம்தான் என்று தோன்றியது. ஆனால் மூவரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கோப்பைப் புரட்டி, முந்தைய இரண்டு வாக்குமூலங்களையும் எடுத்தார். 'முகமூடியைத் தூக்கியது என் தவறு' என்று கோணலான எழுத்தில் இருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத வெச்சது நான்தான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வார்னிங்கையும் எடுக்கணும்னா எனக்கு ஒரு லெட்டர் வேணும். இந்த ரூம மொதல்ல பாஸ் பண்ணது யாரு? கம்பெனி பேரு மட்டும் போதாது. ஆள் பேரு வேணும்."

"நான்தான் பாஸ் பண்ணினேன்."

"நீங்களா?"

"கடைசிப் பக்கத்தில் இருக்கிறதுங்க. கடிதமும் தனியாகக் கொண்டுவந்திருக்கிறேன்."

கடிதத்தில் நான்கு வரிகள்தான் இருந்தன. மேல் கட்டில்கள் இருப்பதை அறிய வாய்ப்பிருந்தும் நான் விசாரிக்கவில்லை என்பது மூன்றாவது வரி. அந்த வரியை எழுதும்போதும் எனக்கு ஒன்றும் நேரவில்லை. நேர்த்தியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

இளமதி கடிதத்தைக் கோப்பில் கோத்தார். பழைய வாக்குமூலங்கள் இரண்டின்மீதும் குறுக்காகக் கோடிட்டுத் தேதி போட்டார். "கோர்ஸ் அடுத்த மாசம் பத்தாம் தேதி ஆரம்பிக்குது சேதுபதி. கண்ணு சரியாகி வாங்க."

வெளியே நிறுவனப் பேருந்துகள் நிற்கும் இடம் வரை சேதுபதி என்னுடன் நடந்து வந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை. திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

"உங்களுக்கு ஒண்ணும் பிரச்சன ஆகலையே மேடம்?"

"ஆறு மாதம் கையெழுத்திட முடியாது."

"ஐயோ."

"பரவாயில்லைங்க. நீங்கள் மூன்று முறை வலியோடு கிடந்தீர்கள்."

"கோவம் வந்துச்சு மேடம், மொத நாளு" என்றார் அவர். "நீங்க போனப்புறம் பாய்கிட்ட கத்துனேன். அவரு பாவம், எனக்கு என்னடா தெரியும்னு நின்னாரு." சற்று நடந்துவிட்டு, "இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

*

மூன்றாம் முறை சென்றது ஜூலையின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எல்லாரும் அறையில் இருக்கும் நேரம் வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். விளக்கை இரண்டடி உயர்த்தி, ஒளி கீழே சிதறாதபடி கறுப்புத் தகடுகளை அடுக்காகப் பொருத்தியிருந்தார்கள். உடன் வந்த ஸ்ரீராம் கையெழுத்திடுவதற்காகக் கோப்புடன் கதவருகே நின்றான். என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டு, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். எனக்காகச் சட்டை அணிந்திருந்தார்கள். திரைகளையெல்லாம் கழற்றி மடித்து வைத்திருந்தார்கள். கூடம் மணக்கக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

வரைபடத்தை விரித்தேன். அதே ஆறு செவ்வகங்கள்.

"வேற ஏதாச்சும் கேக்கணுமாம்மா?" என்றார் சாகுல் ஹமீது ஐயா. அவர் வழக்கமாகக் கேட்பதுதான்.

"ஆமாங்க ஐயா" என்றேன். "எல்லாரையும் கேட்க வேண்டும்."

முதல் கட்டிலின் மேலடுக்குக்காரரிடம் சென்றேன். "தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பீர்கள்? எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பீர்கள்?"

அவர் சட்டைப் பொத்தானைத் தடவினார். "கதவுப் பக்கம் தலை மேடம். உக்கார மாட்டேன். படுத்த உடனே போயிருவேன்."

"கொறட்டையக் கேட்டாலே தெரியும் மேடம்" என்றது கீழடுக்கு. "அதுக்கும் மீட்டர் இருந்தா வைங்க."

அறை சிரித்தது. அதன்பிறகு கேட்பது எளிதாயிற்று. ஒருவர் மனைவியுடன் பேசுவதற்காக ஒரு மணி நேரம் உட்காருவார். எந்தப் பக்கம் பார்த்து என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சுவரைக் காட்டினார். ஒருவர் கட்டிலிலேயே நின்று சாமி கும்பிடுவார். படத்தைக் கூரைக்கு அருகில் ஒட்டியிருந்தார். நின்றால் அவர் தலை எங்கே போகும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. அங்கே அளந்தபோது 9.3 இருந்தது. உட்கார்ந்தே கும்பிடும்படி படத்தைக் கீழே இறக்குமாறு கேட்டுக்கொண்டேன். "சாமிக்கும் கண்ணு எரியுமா மேடம்?" என்றார். "சாமியைப் பற்றி எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கு எரியும்" என்றேன். உடனே இறக்கினார். ஸ்ரீராம் அதைக் குறித்துக்கொண்டான்.

கடைசியாகச் சேதுபதியின் கட்டில். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள், யாரும் சொல்லாமலே, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்கள். நான் ஏறினேன். அவர் சாயும் இடத்தில் சாய்ந்தேன். சுவரில் அவர் தலையெண்ணெயின் வட்டம் இருந்தது. சென்சாரை என் கண்ணருகே பிடித்தேன்.

அங்கிருந்து பார்த்தபோது அறை முழுவதும் தெரிந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் தலையணை ஒரு பக்கமாக இருந்தது.

"நீங்க எந்தப் பக்கம் மேடம் படுப்பீங்க?" என்றார் கீழிருந்து சேதுபதி.

"டேய்" என்றார் யாரோ, திரும்பாமலே.

"கேக்கக்கூடாதா? அவங்க நம்மள கேட்டாங்கல்ல."

"இடது பக்கம்" என்றேன். "ஓரமாக."

"விழுந்துற மாட்டீங்களா?"

"பழகிவிட்டது. இன்னொரு பக்கத்தில் என் கணவர் படுப்பார். ஜனவரியில் இறந்துவிட்டார். அந்தப் பக்கம் நான் போவதில்லை."

 அடுப்படியில் குழம்பு கொதிக்கும் ஓசை கேட்டது. அவரைப் பற்றி யாரும் கேட்காமல் நானாக இவ்வளவு சொன்னது அதுவே முதல் முறை. ஏதாவது வரும் என்று சிறிது நேரம் காத்திருந்தேன். மீட்டரின் எண்தான் நிலைக்கு வந்தது.

"எவ்ளோ காட்டுது மேடம்?" என்றார் சேதுபதி.

"0.05" என்றேன்.

"உக்காந்து படிக்கலாமா?"

"படிக்கலாம். உங்கள் கோர்ஸ் தொடங்கும் பத்தாம் தேதிக்குள் இன்னொரு முறை வந்து பார்க்கிறேன்."

ஸ்ரீராம் எழுதிக்கொண்டான். நான் ஏணியில் இறங்கினேன்.